என்ன வேலை பார்த்தீர்கள்?

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகைகள், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் எடப்பாடியிலும் விசைத்தறிக் கூடங்கள், ஊருக்கு ஊர் நீளநீளமான கோழிப்பண்ணை ஷெட்டுகள். சேலம், நாமக்கல் சமவெளியில் பிழைப்பின் பெரும்பகுதி ஷீட் போட்ட கூரைக்குக் கீழேதான் நடக்கிறது. அந்த ஷீட்டில் கணிசமான பங்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். அதாவது, கல்நார் என்ற கனிமத்தின் நுண்ணிழைகளைச் சிமெண்டோடு குழைத்து அலைஅலையாக வார்த்த தகடு. அந்த இழையை மூச்சில் இழுப்பவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரக்கூடும் என்று உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திருக்கிறது. இதை இங்கே சொன்னால் உடனே வரும் பதில், “எங்கள் ஊரில் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததே இல்லையே” என்பதுதான். பதில் நேர்மையானது. ஆனால் அது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. யாரும் தேடவில்லை என்பதற்குத்தான் சான்று ஆகும். இந்த நோயைப் பொறுத்தவரை தேடுவது என்றால், நெஞ்சில் நீர் கோத்து வரும் ஒரு முதியவரிடம் “முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்பதும், அந்தப் பதிலை எழுதி வைப்பதும்தான். மருத்துவமும் சட்டமும் இந்தச் சமவெளித் தொழிலாளியைக் கைவிடும் இடம், இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகும் இடமே.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கல்நார் பாறையாகத்தான் கிடைக்கிறது, ஆனால் பஞ்சுபோல் இழைஇழையாகப் பிரியும். தீயில் எரியாது, எளிதில் அரிக்காது, இழுத்தால் லேசில் அறாது. இத்தனை நற்குணங்களும் ஒரே பொருளில் மலிவாகக் கிடைத்ததால்தான் இருபதாம் நூற்றாண்டு அதைக் கூரையிலும் குழாயிலும் கொதிகலன் உறையிலும் பிரேக்கிலும் வைத்தது. அந்த நற்குணமே உடம்புக்குள் போனதும் தீங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழை மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை போய்ச் சேரும். அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்க வேண்டிய வெள்ளணுக்கள் தம்மைவிட நீளமான இழையை முழுதாக விழுங்க முடியாமல் தோற்றுப்போகின்றன. விளைவு, ஆண்டுக்கணக்கில் ஆறாத அழற்சி. நுரையீரல் தழும்பேறி இறுகினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலிலேயே புற்று வரலாம். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையிலோ வயிற்றின் உள்ளுறையிலோ புற்று எழுந்தால் அதுதான் மீசோதீலியோமா. 1924இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தபோது, அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக் அந்த மரணத்தைத் தூசியோடு இணைத்து மருத்துவ இதழில் எழுதினார். 1960இல் வாக்னர் என்ற நோயியல் மருத்துவரும் சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 33 மீசோதீலியோமா நோயாளிகளை அடையாளம் கண்டு எழுதிய கட்டுரை, இந்தப் புற்றைக் கல்நாரோடு பிணைத்தது. அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்கூட அல்லர்; சுரங்கம் இருந்த ஊரில் வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டனில் நடந்த ஆய்வு, தொழிலாளியின் அழுக்குச் சட்டையை வீட்டில் துவைத்த பெண்களுக்கும் நோய் வந்ததைக் காட்டியது. வாக்னரால் அந்தத் தொடர்பைப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அவர் ஒவ்வொரு நோயாளியும் எங்கே வாழ்ந்தார், என்ன செய்தார் என்று தேடிப் போனதுதான்.

இனி இந்தச் சமவெளியில் இழை எங்கே காற்றில் கலக்கிறது என்று பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்திலேயே, பரமத்தி அருகே மாணிக்கநத்தத்தில், ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் ஆலை ஒன்று இயங்கி வருகிறது. ஆலை என்றால் அங்கே உரிமமும் ஆய்வாளரும் பதிவேடும் சட்டப்படி இருந்தாக வேண்டும். ஷீட் ஆலை வாசலைத் தாண்டிய பிறகுதான் நம் கவலை கூடுகிறது. முழு ஷீட்டில் கல்நார் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அதுவும் சிமெண்டில் இறுகிப் பிடித்திருக்கும். கூரையில் அசையாமல் கிடக்கும் நல்ல ஷீட்டால் வீட்டுக்குள் இருப்பவருக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் பதறிப்போய் ஆளை விட்டு ஷீட்டை உடைத்து இறக்கினால், குறைவாக இருந்த ஆபத்தைத் தாங்களே கூட்டிக்கொண்டவர்கள் ஆவார்கள். ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்கும்போது, ஜே போல்ட் மாட்ட டிரில் போடும்போது, கோடை மழைக் காற்றில் பண்ணை ஷெட்டின் ஷீட் பறந்து நொறுங்கும்போது, நொறுங்கியதைக் கூட்டி அள்ளும்போது, பழைய கொட்டகையைக் கடப்பாறையால் இடிக்கும்போது சிமெண்டின் பிடி தளர்ந்து இழை வெளியே வருகிறது. இந்த வேலைகளைச் செய்பவர் எந்த ஆலையின் ஊழியரும் அல்லர். ஒரு நாள் கூரை வேலை, மறுநாள் வெல்டிங், அடுத்த நாள் பந்தல் வேலை என்று போகிறவர். வேலை முடிந்ததும் துண்டால் தலையைத் தட்டிவிட்டு அதே துணியோடு வீட்டுக்குப் போகிறார். அவரை ஆலைத் தொழிலாளியைப்போல் பரிசோதிக்கும் கடமை யாருக்கும் இல்லை.

லாரிப் பட்டறையின் கதை இதைவிடச் சிக்கலானது; அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லாரி, பேருந்துகளின் டிரம் பிரேக்கில் ஒட்டும் லைனிங்கில் பல பத்தாண்டுகள் வெள்ளைக் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த கருந்தூசியைக் கம்ப்ரசர் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் வழக்கம். ஆனால் ஓடித் தேய்ந்த லைனிங்கின் தூசியில், பிரேக் சூட்டில் வெந்து, பெரும்பகுதி இழைத் தன்மையை இழந்த வேறு கனிமமாகிவிடுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. மேலைநாடுகளில் கார் மெக்கானிக்குகளை வைத்து நடந்த பல ஆய்வுகளில் மீசோதீலியோமா தெளிவாகக் கூடியிருப்பதாகத் தெரியவரவில்லை. நீதிமன்றங்களில் இது இன்றும் வழக்காடப்படும் விஷயம். எனவே பிரேக் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்று பயமுறுத்துவது பொய்யாகும். புது லைனிங்கைத் துளைபோட்டு ரிவெட் அடிப்பதும், டிரம்முக்குப் பொருந்தும்படி கிரைண்டரில் தேய்ப்பதும் வேறு விஷயம். அங்கே சூட்டில் மாறாத புது இழை நேராக மூக்குக்கு எதிரே பறக்கிறது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் அந்த வேலையையே முழுநேரமாகப் பார்த்தவர்கள் உண்டு. மேலைநாட்டு கார் மெக்கானிக்கின் அனுபவம் இவர்களுக்கும் பொருந்துமா என்பதை இங்கே இவர்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, இத்தனை காலமாக இழை பறந்திருந்தால் நோயாளிகள் எங்கே? முதல் காரணம் காலம். இழை நுழைந்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 30 முதல் 40 ஆண்டுகள். சிலருக்கு 20, சிலருக்கு 50. பிரிட்டனில் கல்நார் இறக்குமதி உச்சத்தில் இருந்தது 1960களிலும் 70களிலும். 1999இல் மிச்சமிருந்த வெள்ளைக் கல்நாரையும் தடைசெய்தார்கள். ஆனாலும் அங்கே இன்றும் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறக்கிறார்கள். இந்தியா கல்நாரை அள்ளிக்குவிக்கத் தொடங்கியது பிரிட்டனின் அந்த உச்சத்துக்குப் பிந்தைய காலத்தில். உள்நாட்டுச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை 1986இல் நிறுத்தப்பட்டது, பழைய குத்தகையைப் புதுப்பிப்பது 1993இல் நின்றது. ஆனால் இறக்குமதிக்குத் தடையில்லை. இன்று உலகிலேயே அதிகமாகக் கல்நாரை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல், முதன்மையாக ரஷ்யாவிலிருந்து. பிரிட்டன் அதன் உச்சத்தில்கூட இவ்வளவு இறக்கியதில்லை. பிரிட்டன் அதிக வீரியமுள்ள நீல, பழுப்புக் கல்நாரையும் பயன்படுத்தியது என்பதால் அதன் மரணக் கணக்கை அப்படியே நமக்குப் பெருக்கிப் போடக் கூடாது. ஆனால் கால இடைவெளி எல்லா நாட்டு நுரையீரலுக்கும் ஒன்றுதான். 2000களில் கூரை போட்டவருக்கு நோய் வருவதானால் அது 2030களிலோ 40களிலோதான் வரும். இப்போது நோயாளி குறைவாகத் தெரிவதை வைத்து எதிர்காலத்துக்குச் சான்றிதழ் எழுத முடியாது.

இரண்டாவது காரணம், வந்த நோயும் வேறு பெயரில் போய்விடுவது. மீசோதீலியோமாவின் முதல் அறிகுறிகள் மூச்சு வாங்குவது, நெஞ்சின் ஒரு பக்கம் வலி, எடை இறங்குவது, நுரையீரல் உறையில் நீர் கோப்பது. நம் நாட்டில் இந்த அறிகுறிகளோடு ஒருவர் வந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது காசநோயைத்தான். அது தவறும் அல்ல, ஏனென்றால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் மீசோதீலியோமா பலமுறை பிடிபடாது. நெஞ்சுக்குள் கருவியை விட்டு உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, கால்ரெட்டினின் போன்ற புரதங்களுக்கான சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும். அந்த வசதி சென்னையிலும் பெரிய நகரங்களிலும் உண்டு. பரமத்தி வேலூரிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ வரும் எழுபது வயதுக்காரருக்கு அந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்க வேண்டுமானால் மருத்துவரின் மனத்தில் சந்தேகம் எழ வேண்டும். சந்தேகம் எழ வேண்டுமானால் நோயாளியின் பழைய வேலை தெரிய வேண்டும். ஆறு மாதக் காசநோய் மாத்திரை முடிந்தும் நீர் மறுபடி கோத்தால், “நோய் முற்றிவிட்டது” என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர் எந்தப் பதிவேட்டிலும் மீசோதீலியோமாவாக ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் மாநிலம் தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு நாட்டுக்கே முன்மாதிரி. ஆனால் மருத்துவமனையில் கண்டுபிடிக்கப்பட்டதைத்தான் எந்தப் பதிவேடும் எண்ண முடியும்.

இங்கே கல்நார்த் தொழில் தரப்பின் முதன்மையான வாதத்தைக் கேட்டாக வேண்டும். இந்தியாவில் இப்போது வருவது கிரைசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார் மட்டுமே; அதன் சுருண்ட இழை நுரையீரலில் நெடுநாள் தங்காது; கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் தீங்கில்லை என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை. மீசோதீலியோமாவை உண்டாக்கும் வீரியத்தில் நீலக் கல்நாருக்கும் வெள்ளைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் வீரியம் குறைவு என்பது வேறு, தீங்கில்லை என்பது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிரைசோடைல் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகப் புற்றுகளும் அந்தக் கணக்கில் சேரும். உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்குக் கல்நார்த் தூசி காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதலும், கனடா 2018 முதலும் தடைசெய்துவிட்டன. நம் பக்கத்து நேபாளம்கூட 2015இல் தடை கொண்டுவந்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில் கிரைசோடைலுக்குத் தடை ஆணை பிறப்பித்தது. ‘கட்டுப்பாட்டோடு’ என்ற சொல்லைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆலைக்குள் ஈரமாக்கி, உறிஞ்சும் விசிறி வைத்து, மூடிய குழாயில் கொண்டுபோய்க் கட்டுப்படுத்த முடியும் என்றே வைத்துக்கொள்வோம். ஏணியில் நின்று ஷீட்டை அறுக்கிறவரை யார் கட்டுப்படுத்துவது? கட்டுப்பாடு என்ற வாதம் ஆலையின் மதில் சுவரோடு முடிந்துவிடுகிறது. ஷீட்டின் ஆயுளோ அந்த மதிலுக்கு வெளியேதான் தொடங்குகிறது.

நோய் வந்தபின் மருத்துவத்தால் என்ன செய்ய முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முற்றாகக் குணமாவது மிக அரிது. பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது 2003இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு வழக்கமான சிகிச்சை ஆனது. அந்த ஆய்வில் சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் ஜோடிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது வழக்கமான கீமோ சிகிச்சையில் 14.1 மாதமாக இருந்த இடைநிலை ஆயுளை 18.1 ஆக்கியது; ஆனால் அதன் விலை சமவெளியின் கூலிக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். நுரையீரல் உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவையால் ஆயுள் கூடவில்லை என்று பிரிட்டனின் ஆய்வொன்று 2024இல் காட்டியது. வயிற்று உறையில் வரும் வகைக்கு மட்டும், தேர்ந்தெடுத்த நோயாளிகளில் அறுவையும் சூடேற்றிய மருந்தை வயிற்றுக்குள் சுழற்றுவதும் நல்ல பலன் தருகின்றன. பலருக்குப் பெரிய ஆறுதல், கோத்த நீரை வடித்து மறுபடி கோக்காமல் உறையை ஒட்டவைப்பதும் வலியைத் தணிப்பதும்தான். மாதங்களில் அளக்கப்படும் இந்த வாழ்நாளில் ஆறு மாதத்தைத் தவறான மாத்திரையில் கழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! புகைபிடிப்பவருக்கு ஒரு தனிச் சொல். புகை மீசோதீலியோமாவைக் கூட்டுவதில்லை. ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து இரண்டையும் கூட்டிவரும் தொகையைவிட மிக அதிகமாகிறது. கல்நார் வேலை பார்த்தவர் இன்றே பீடியை விட்டால், கையில் இருக்கும் மிக மலிவான, மிகப் பயனுள்ள தடுப்பு அதுதான்.

சட்டத்துக்கு வருவோம். கல்நார்த் தொழிலாளர் உரிமையில் இந்தியாவின் முதன்மையான ஆவணம், நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. தொழிலாளியின் உடல்நலமும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது அது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்று 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும். நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டது. 2011இல் தடை கோரி வந்த வேறொரு வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாலும், 1995 ஆணைகள் நடப்பில் இருப்பதை மறுபடி சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது 40 என்ற எண். நோயின் ஆயுளும் பதிவேட்டின் ஆயுளும் ஒன்றாக இருந்தால்தான் நீதி கிடைக்கும் என்பதை நீதிபதிகள் புரிந்திருந்தார்கள். ஆனால் அந்த ஆணை எட்டுவது கல்நார்த் தொழிற்சாலைகளை. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. அண்மையில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. நான்கைந்து பேர் வேலை பார்க்கும் லைனிங் பட்டறையும், ஆளே மாறிக்கொண்டிருக்கும் கூரை வேலையும் ஏற்கெனவே சட்டத்தின் ஓரத்தில் இருந்தவை. இப்போது இன்னும் வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன.

இழப்பீட்டுச் சட்டத்தில் முரண் இன்னும் கூர்மை. அண்மையில் புதிய சட்டத் தொகுப்புகள் வரும்வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றையும் மீசோதீலியோமாவையும் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற சில நோய்களுக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால் பொறுப்பை அவர்களிடையே பங்கிடவும் வழி வைத்திருந்தது. ஆனால் வேலையை விட்டு 2 ஆண்டுக்குள் அறிகுறி தோன்றினால் அந்த நாளையே விபத்து நாளாகக் கொள்ளலாம் என்று பேசியது அதன் 10ஆம் பிரிவு. நாற்பது ஆண்டு நோய்க்கு இரண்டு ஆண்டுக் கணக்கு! தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள இழப்பீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதற்கும் பழைய வேலைக்கான ஆதாரம் கையில் இருந்தாக வேண்டும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் எடெர்னிட் கல்நார் நிறுவன வழக்கில் கீழ்நீதிமன்றங்கள் விதித்த சிறைத் தண்டனையை, காலவரம்பு கடந்துவிட்டது என்று சொல்லி 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிரிட்டனில் 2002இல் ஃபேர்சைல்டு வழக்கு வேறு பாதை காட்டியது: எந்த முதலாளியின் இழை நோய் தந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்றது. மும்பை காட்கோபரில் பிரேக் லைனிங் செய்த ஹிந்துஸ்தான் ஃபெரோடோ ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள், அதன் முன்னாள் பிரிட்டிஷ் தாய் நிறுவனமான டர்னர் அண்ட் நியூவாலின் நோயாளிகளுக்கென அமைந்த அறக்கட்டளையிடம் இழப்பீடு கோர முடிந்தது. அவர்களுக்கு ஒரு ஆலையின் பெயர் இருந்தது, வேலை பார்த்த சான்று இருந்தது. நாமக்கல்லில் எட்டுப் பட்டறை மாறிய ஒருவருக்கு எது இருக்கிறது?

“ஏழையின் கூரையைப் பறிக்கிறீர்களா?” என்ற எதிர்ப்புக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஓலை வேய்ந்த வீட்டிலிருந்து ஷீட்டுக்கு மாறியது பல குடும்பங்களுக்கு முன்னேற்றம்தான். மழைக்கும் தீக்கும் அஞ்சாத கூரையாகத்தான் அது வந்தது. ஆனால் அந்த ஏழைக்கே கூரை போட ஏறுகிறவனும் ஏழைதான். விலையில் ஒன்று மலிவாக இருப்பது, அதன் செலவை வேறு ஒருவர் தன் நுரையீரலால் கட்டுவதால் என்றால் அந்த மலிவு உண்மையான மலிவல்ல. மாற்றும் இல்லாமல் இல்லை. கல்நாருக்குப் பதில் செயற்கை இழையும் மரக்கூழும் கலந்த சிமெண்ட் ஷீட்டுகளைக் கல்நார் ஷீட் செய்யும் நிறுவனங்களே இந்தியாவில் விற்கின்றன. பண்ணைகளும் பட்டறைகளும் ஏற்கெனவே பெருமளவில் பூச்சுத் தகர ஷீட்டுக்கு மாறி வருகின்றன. விலை வேறுபாட்டை அரசு வரியிலும் வீட்டுத் திட்டங்களின் கொள்முதலிலும் ஈடுகட்ட முடியும். முடிவெடுக்கத் தடையாக இருப்பது தொழில்நுட்பத்தைவிட அரசியல். இலங்கை 2018 முதல் கல்நாரைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. உடனே கொழும்பு கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது. ராட்டர்டாம் உடன்படிக்கையின் அபாயப் பொருள் பட்டியலில் கிரைசோடைலைச் சேர்க்க 2011இல் சம்மதித்த இந்தியா, 2013இல் நிலை மாறி எதிர்த்தது. அந்தப் பட்டியல் தடைகூட அல்ல. வாங்குபவருக்கு ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டுமே.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. கல்குவாரியில் சிலிக்கா தூசி, நூற்பாலையில் பஞ்சுத் தூசி, ஊரெல்லாம் பீடி, காசநோய் என்று இவ்வளவு இருக்க, அரிதான ஒரு புற்றுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? நியாயமான கேள்வி. ஆனால் இதற்கான விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இவை எல்லாவற்றையும் பிரித்தறிய உதவும் முதல் கருவி ஒன்றே: நோயாளியின் தொழில் வரலாறு. கல்நாருக்காகக் கேட்கப்படும் கேள்வி கல்குவாரித் தொழிலாளியின் சிலிகோசிஸையும் சேர்த்தே வெளிக்கொணரும். தொழில்வழிப் புற்றுநோயைச் சந்தேகிக்கும் மருத்துவர் தொழிலக ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் பழைய கடமை. வேலை வரலாற்றைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை.

ஆகவே இந்தச் சமவெளிக்கு வேண்டியவை பெரிய கட்டடங்கள் அல்ல. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் நெஞ்சுநோய்ப் பிரிவின் சீட்டில் ‘இதுவரை பார்த்த வேலைகள்’ என்று ஒரு வரி அச்சிடலாம். நெஞ்சு நீருக்குக் காசநோய் சிகிச்சை பலிக்காத, பழைய தூசி வேலைக்காரர் எவரையும் சதைத் துணுக்குப் பரிசோதனைக்கு அனுப்புவதை விதியாக்கலாம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளருக்கு நலவாரியம் இருக்கிறது, அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வண்டி பழுதுபார்ப்போருக்கும் தனி வாரியம் இருக்கிறது. அந்த அட்டையைப் புதுப்பிக்கும்போது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேலையோ லைனிங் வேலையோ எத்தனை ஆண்டு பார்த்தார் என்று ஒரு பதிவைச் சேர்த்து, 40 ஆண்டுகள் அழியாமல் வைக்கலாம். நீதிமன்றம் ஆலைக்குச் சொன்னதை அரசு ஆலைக்கு வெளியே இருப்பவருக்குச் செய்வதாக அது அமையும். ஷீட்டிலும் லைனிங் பெட்டியிலும் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று தமிழில் பெரிதாக அச்சிடச் சொல்லலாம். வேலை செய்பவர் அறியவேண்டியது சில நடைமுறைகளே. நனைத்துவிட்டு வெட்ட வேண்டும், மெஷினைவிடக் கைரம்பம் மேல். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துணி முகமூடி போதாது, நுண்தூசி தடுக்கும் முகமூடி வேண்டும். வேலைத் துணியை வேலையிடத்திலேயே மாற்ற வேண்டும். உடைந்த ஷீட்டை நொறுக்கித் தெருவில் கொட்டக் கூடாது. கல்நார்க் கழிவு அபாயக் கழிவு. அதை வாங்கி முறையாகப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து ஒரு பண்ணைக்காரர் தன் உடைந்த ஷீட்டை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார் என்பதால், மாவட்டத்திலேயே சேகரிப்பிடம் அமைப்பது அரசின் வேலை.

தடையைப் பற்றிய விவாதம் டெல்லியில் நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் நாளையே தடை வந்தாலும், ஏற்கெனவே மூச்சில் போன இழைக்கு அது பொருந்தாது. கூரைகளில் இருக்கும் ஷீட் இன்னும் பல ஆண்டுகள் உடைந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் இந்த வட்டாரத்துக்கு அவசரமான சீர்திருத்தம் பதிவேடு. வேலை எழுதப்பட்டிருந்தால் மருத்துவர் சரியான நோயைச் சந்தேகிப்பார், வழக்கறிஞர் சரியான இழப்பீட்டைக் கேட்பார், ‘இங்கே நோய் இல்லை’ என்ற வாதமும் கணக்கின் முன் வந்து நிற்கும். எழுதப்படாவிட்டால் தொழிலாளி மூன்று முறை தோற்கிறார்: உடம்பில் ஒருமுறை, மருத்துவமனையில் ஒருமுறை, ஆணையர் முன் ஒருமுறை. முதல் தோல்வியை நம்மால் இனி மாற்ற முடியாமல் போகலாம். மற்ற இரண்டையும் ஒரு சீட்டில் ஒரு வரி தடுக்கும்.